பழைய பிஎல்சி, பழைய பேனல்: ஈதர்நெட்டுக்கு எந்த வழியில் போவது?

ஆத்தூர் ரோட்டில் ஒரு ஸ்டார்ச் ஆலை. டிரையர் பேனல் போர்டின் கதவைத் திறந்தால் உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு படிந்திருக்கிறது. பிஎல்சியில் (மெஷினை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்) பேட்டரி விளக்கு சிவப்பாக எரிகிறது. எத்தனை மாதமாக எரிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கதவில் மாட்டியிருக்கும் ஆபரேட்டர் பேனலில் (எண்களைப் பார்த்து மெஷினை ஓட்டும் திரை, இனிமேல் வெறும் பேனல்) 'ஸ்டார்ட்' இருக்கும் இடம் மட்டும் தேய்ந்து வெளுத்துப்போயிருக்கிறது. அங்கே விரல் பட்டால் வேலை செய்யாது, பேனாவின் பின்பக்கத்தால் அழுத்துகிறார்கள்.

ஓனர் கேட்டார்: "அண்ணா, ஆபீஸ்ல உக்காந்தே டிரையர் டெம்பரேச்சர் பாக்கோணும். எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் புதுசு வெச்சிடலாங்களா, இல்ல நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போட்டாப் போதுங்களா?"

கிட்டத்தட்ட இதே கேள்வியை அதற்கப்புறம் இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் நூற்பாலை, இன்னொருவர் ரீரோலிங் மில் (இரும்பைச் சூடாக்கி உருட்டும் ஆலை). மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் என்பதை எழுதிவைத்தால் நாலாவது ஆளுக்கும் உதவும்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

மெஷினை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைக்கும் நெட்வொர்க் கேபிள் வழிதான் ஈதர்நெட். அது எதற்கு? இதைக் கேட்டால் பலர் "எல்லாத்துக்கும்தான்" என்பார்கள். ஆனால் இதில் மூன்று தனித்தனி ஆசைகள் இருக்கின்றன. ஆபீஸில் உட்கார்ந்து எண்களைப் பார்ப்பது ஒன்று. ஒரு மெஷின் இன்னொரு மெஷினோடு பேசி, அதன்படி ஓடுவது இன்னொன்று. மூன்றாவது, கோளாறு வந்தால் சர்வீஸ் ஆள் தன் ஊரிலிருந்தே உள்ளே நுழைந்து பார்ப்பது. முதலாவதற்கு மெதுவான இணைப்பே போதும். இரண்டாவதற்குப் போதாது. மூன்றாவதற்கு இணைப்பை விடப் பூட்டுதான் முக்கியம்.

புரோகிராம் கையில் இருக்கிறதா? என்னைக் கேட்டால் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும். மெஷின் வாங்கும்போது கொடுத்த சிடி இருக்கிறது என்பார்கள். அதில் இருப்பது முதல் நாள் புரோகிராம். அதற்கப்புறம் பத்துப் பேர் வந்து பத்து மாற்றம் செய்திருப்பார்கள். பிஎல்சியிலிருந்து திரும்ப எடுக்கலாம்தான். ஆனால் ஆலன்-பிராட்லியின் எஸ்எல்சி 500, சீமென்ஸின் எஸ்7-300 போன்ற பிஎல்சிகளில் எடுத்தால் தர்க்கம் மட்டும் வரும். எந்த முகவரி எந்த மோட்டார் என்று எழுதிவைத்த குறிப்புகள் வராது. அவை எழுதியவரின் கம்ப்யூட்டரில் இருந்தவை. பழைய ஆபரேட்டர் பேனல்கள் பலவற்றில் இதுகூட முடியாது. ஓடுகிற கோப்பு உள்ளே இருக்கும், திருத்தக்கூடிய மூலக் கோப்பு இருக்காது. பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போனவர் இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறாரோ.

அந்தச் சிவப்பு பேட்டரி விளக்கு இங்கேதான் வருகிறது. மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ்2என் போன்ற பழைய கண்ட்ரோலர்களில் (கண்ட்ரோலர் என்றாலும் பிஎல்சிதான்), தனியாக மெமரி கேசட் போடாவிட்டால், புரோகிராம் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கிறது. மின்சாரம் ஓடும்வரை தெரியாது. ஒரு நூற்பாலையில் பொங்கலுக்கு மெயினை அணைத்துவிட்டுப் போனார்கள். நாலு நாள் கழித்துப் போட்டால் பிழை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. புரோகிராம் காலி. பேக்கப் இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டு, பழைய ஃபிட்டரின் ஞாபகத்தையும் பிடித்துக்கொண்டு, புதிதாக எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆனது. அதனால் எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப் எடுப்பது.

எத்தனை மணி நேரம் நிறுத்தலாம்? ஸ்டார்ச் ஆலைக்கு வரும் குச்சிக்கிழங்கை (மரவள்ளி) பிடுங்கி இரண்டு மூன்று நாளில் அரைக்காவிட்டால் கெட ஆரம்பித்துவிடும். லாரி வாசலில் நிற்கும்போது "இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்று சொல்ல முடியாது. நூற்பாலையோ மூன்று ஷிஃப்ட்டும் ஓடும். ஆனால் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குச் சீசன் முடிந்த பிறகு வாரக்கணக்கில் நேரம் கிடைக்கும். நூற்பாலைக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

ஸ்பேர் கிடைக்குமா, ராத்திரி ஷிஃப்ட்டில் யார் பார்ப்பது? இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோனால், அங்கே இருக்கும் எலக்ட்ரீஷியன் தன் கையால் சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அவருக்கு மல்டிமீட்டர் தெரியும். ஐபி முகவரி தெரியுமா?

## வழி 1: நடுவில் ஒரு கேட்வே

பிஎல்சியைத் தொடாமல், பேனலையும் தொடாமல், சீரியல் பக்கத்தையும் (பிஎல்சியின் பழைய, மெதுவான கேபிள் வழி) ஈதர்நெட் பக்கத்தையும் இணைக்கும் ஒரு சின்னப் பெட்டி. பேனல் போர்டுக்குள் இருக்கும் தண்டவாளப் பட்டையில் மாட்டி 24 வோல்ட் கொடுத்தால் முடிந்தது என்று விற்பவர் சொல்வார். மலிவு, வேகம், பயமில்லை. பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், மோட்பஸ் ஆர்டியு (கருவிகள் பேசும் ஒரு பொது மொழி) ஓடும் ஒரு ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகளைக் கோர்க்கும் சீரியல் வயர்) மாஸ்டர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். உங்கள் பழைய பேனல்தான் அங்கே மாஸ்டர் என்றால், கேட்வேயும் அதே லைனில் போய்க் கேள்வி கேட்க முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பக்கமும் பிழை வரும். அதுவும் எப்போதும் வராது, அவ்வப்போது வரும். அதுதான் கொடுமை. சோதித்துப் பார்த்த அன்றைக்கு நன்றாக ஓடும், ஆள் ஊருக்குப் போனபின் பேனலில் 'கம்யூனிகேஷன் எரர்' என்று மின்னும். பிஎல்சியில் இரண்டாவது போர்ட் இருந்தால் கேட்வேயை அதில் கொடுங்கள். இல்லையென்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

எல்லா லைனும் இப்படி அல்ல. எஸ்7-300இன் எம்பிஐ லைன், எஸ்எல்சியின் டிஎச்-485 லைன் இரண்டிலும் ஒரு டோக்கன் கைமாறிக்கொண்டே இருக்கும். டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவர் பேசலாம். அங்கே பேனல் பாட்டுக்கு இருக்க, பக்கத்தில் ஓர் அடாப்டரைச் செருகி ஈதர்நெட்டுக்கு எடுத்துவிடலாம். ரீரோலிங் மில்காரருக்கு நான் முதல் கட்டமாகச் சொன்னது இதுதான். ஃபர்னஸ் புஷரின் (இரும்பை உலைக்குள் தள்ளும் மெஷின்) எஸ்7-300இல் எம்பிஐ போர்ட்டில் அடாப்டர், அவ்வளவுதான். சிபியு (பிஎல்சியின் மூளைப் பகுதி) எத்தனை இணைப்புகளை ஏற்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அதை மட்டும் முதலில் பாருங்கள்.

இன்னொன்று, கேட்வேக்கு அந்தப் பிஎல்சியின் மொழி தெரிய வேண்டும். மோட்பஸ் கேட்வே என்றால் மோட்பஸ் மட்டும்தான். எஃப்எக்ஸ்2என்-இன் உருண்டை எட்டுப் பின் போர்ட்டில் ஓடுவது மிட்சுபிஷியின் சொந்த மொழி. கடையில் இருக்கும் ஏதோ ஒரு மோட்பஸ் பெட்டியை வாங்கி வந்து அங்கே மாட்டினால் இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும்.

வேகத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து ரெஜிஸ்டர் (பிஎல்சி ஓர் எண்ணை வைத்திருக்கும் இடம்) படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 25 பைட், மொத்தம் 33. ஒரு பைட்டுக்கு 11 பிட் என்றால் 363 பிட். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் கிட்டத்தட்ட 38 மில்லி நொடி. கருவி யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து 50 என்று வையுங்கள். 20 கருவி இருந்தால் ஒரு சுற்று வர ஒரு நொடி. டெம்பரேச்சர் பார்க்க இது தாராளம். இதை நம்பி ஒரு கன்வேயரை நிறுத்தாதீர்கள்.

எப்போது நல்லது: பார்த்தால் போதும், இரண்டாவது போர்ட் இருக்கிறது, அல்லது டோக்கன் லைன். சீசன் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதுதான்.

## வழி 2: பேனலை மட்டும் மாற்றுவது

எனக்குப் பிடித்த வழி இது, ஒளிக்கவில்லை. இன்றைக்கு வரும் ஆபரேட்டர் பேனல்கள் பலவற்றில் கீழே சீரியல் போர்ட்டும் இருக்கும், ஈதர்நெட்டும் இருக்கும். ஒரு பக்கம் பழைய பிஎல்சியோடு அதன் பழைய மொழியிலேயே பேசும். மறுபக்கம் அதே எண்களை மோட்பஸ் டிசிபியில் (ஈதர்நெட்டில் ஓடும் மோட்பஸ்) ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். மாஸ்டர் சண்டையே வராது, ஏனென்றால் மாஸ்டர் இன்னமும் ஒன்றுதான். எப்படியும் சாகப்போகிற பேனலை மாற்றியதாகவும் ஆச்சு, ஈதர்நெட் வந்ததாகவும் ஆச்சு.

ஆத்தூர் ரோடு ஆலைக்கு இதைத்தான் சொன்னேன். தேய்ந்துபோன 'ஸ்டார்ட்' ஒரு காரணம். அந்த எஃப்எக்ஸ்2என்-இல் இருக்கும் ஒரே போர்ட்டைப் பேனல் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு காரணம்.

மறைந்திருக்கும் செலவு திரையை மறுபடி வரைவதில் இருக்கிறது. மூலக் கோப்பு இல்லையென்றால் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து, எந்தப் பெட்டியில் தெரிவது எந்த ரெஜிஸ்டர் என்று பிஎல்சி புரோகிராமை வைத்துத் தேட வேண்டும். இருபது திரை என்றால் ஒரு வாரம் போகும். மறந்துபோவது அலாரம் வாசகங்கள்தான், அவை அன்றைக்குத் திரையில் வந்திருக்காது. ரெசிபி எண்களை (ஒவ்வொரு சரக்குக்கும் வைக்கும் அளவுகள்) தனியாக ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கதவில் இருக்கும் ஓட்டையும் புதுப் பேனலுக்குப் பொருந்தாது, ஒரு தகடு வெட்டி அடைக்க வேண்டியிருக்கும்.

அழுத்து பட்டன்கள் வைத்த பழைய பேனலாக இருந்தால் இன்னும் ஒன்று யோசியுங்கள். ஈரக் கையோடும் மாவுக் கையோடும் வேலை செய்கிறவர்களுக்கு அந்த எஃப்1, எஃப்2 பட்டன்கள் வசதி. கண்ணாடித் தொடுதிரை கொடுத்துவிட்டு "படிச்ச புள்ள மாதிரி மெதுவாத் தொடுங்க" என்று சொன்னால் எடுபடாது. ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் தனி புஷ் பட்டனாகக் கதவில் போட்டுவிடுங்கள்.

எப்போது நல்லது: பிஎல்சி நல்லாயிருக்கிறது, பேனல் சாகக் கிடக்கிறது. நிறுத்தம் அரை நாள் போதும். பேனல் நின்றால் ஆபீஸுக்கு எண்களும் நிற்கும், அதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

## வழி 3: அதே குடும்பத்தில் ஈதர்நெட் சிபியு அல்லது கார்டு

புரோகிராம் அப்படியே, வயரிங் அப்படியே, சிபியு மட்டும் அண்ணனுக்குப் பதில் தம்பி. எஸ்எல்சி 5/03ஐ எடுத்துவிட்டு அதே ரேக்கில் (கார்டுகளைச் செருகும் சட்டம்) 5/05. எஸ்7-300இல் ஒரு சிபி 343-1 ஈதர்நெட் கார்டு, அல்லது பிஎன் (ஈதர்நெட்) போர்ட் உள்ள சிபியு. டெல்டா கம்பெனியின் டிவிபி பிஎல்சியில் சில மாடல்களுக்கு இடப்பக்கம் செருகும் ஈதர்நெட் மாட்யூல் உண்டு.

கேட்க அழகு. நூற்பாலையின் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் (காற்றில் ஈரப்பதம் சேர்க்கும் பகுதி) ஓடுவது எஸ்எல்சி 5/03, பேனலோ டிஎச்-485இல். 5/03இல் சேனல் 1 டிஎச்-485. 5/05இல் அதே இடத்தில் இருப்பது ஈதர்நெட். அதாவது சிபியுவை மாற்றிய நிமிடம் பழைய பேனலுக்குப் போர்ட் போய்விடும். சேனல் 0 வழியாக ஒரு கன்வெர்ட்டர் போட்டு டிஎச்-485 திரும்ப எடுக்கலாம், அல்லது பேனலையும் மாற்ற வேண்டும். விலைப்பட்டியலில் இந்த வரி இருக்காது. முதலில் வந்த 5/05கள் 10 மெகாபிட் மட்டுமே என்பதையும் சேர்த்து வையுங்கள். புது ஸ்விட்ச்சோடு முரண்டு பிடித்தால் அந்தப் போர்ட்டின் வேகத்தைக் கையால் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம் வயசு. எஸ்7-300 குடும்பத்தைப் படிப்படியாக நிறுத்துவதாக சீமென்ஸ் அறிவித்து, 2023 அக்டோபரில் அது தொடங்கியும்விட்டது. செத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தில் பணத்தைப் போடுகிறோம் என்று தெரிந்தே போட வேண்டும். செகண்ட்ஸில் வாங்கினால் ஒரு ரேக்கில் மாட்டி, புரோகிராம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

எப்போது நல்லது: நிறுத்தவே முடியாத ஆலை, அலமாரியில் அதே குடும்பத்து ஸ்பேர் ஏற்கனவே இருக்கிறது, மெஷினுக்கே இன்னும் சில வருடம்தான் ஆயுள். நூற்பாலைக்கு இதைத்தான் சொன்னேன், பேனலையும் சேர்த்து மாற்றும் நிபந்தனையோடு.

## வழி 4: எல்லாம் புதுசு

ஒருமுறை செய்துவிட்டால் நிம்மதி. ஸ்பேர் கிடைக்கும், ஈதர்நெட் சிபியுவிலேயே இருக்கும், லேப்டாப் எதுவானாலும் இணையும். மெஷினுக்கு மெஷின் பேச வேண்டும் என்றால் உருப்படியான வழி இதுதான்.

செலவு வன்பொருளில் இல்லை. எஸ்எல்சி புரோகிராமைப் புதுக் கண்ட்ரோலருக்கு மாற்றித்தர மென்பொருள் இருக்கிறது. மாற்றும், கூடவே "இங்கே சரிபார்" என்று ஒரு நீளமான பட்டியலையும் கொடுக்கும். எஸ்எல்சியில் டைமரின் அடிப்படை 0.01 நொடியோ 1 நொடியோ. புதியதில் மில்லி நொடி. முழு எண் 16 பிட்டிலிருந்து 32 பிட்டாகும். புது சிபியு வேகமாகச் சுற்றுவதால், பழையதில் மெதுவாக ஓடியதாலேயே தெரியாமல் இருந்த பிழைகள் வெளியே வரும். பழைய பேனல் போர்டுகளில் 110 அல்லது 230 வோல்ட் ஏசி இன்புட் கார்டுகள் இருக்கும். புதியவற்றில் பெரும்பாலும் 24 வோல்ட் டிசி. ஒவ்வொரு லிமிட் ஸ்விட்ச்சுக்கும் ஒரு ரிலே போடுவதா, களத்து வயரிங்கையே மாற்றுவதா என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

பாதி வழியில் நிற்கவும் ஓர் இடம் உண்டு. எஸ்எல்சி ரேக்கில் சிபியு இருந்த இடத்தில் 1747-ஏஇஎன்டிஆர் என்ற அடாப்டரை வைத்தால், பழைய ஐ/ஓ (இன்புட், அவுட்புட்) கார்டுகளும் வயர்களும் அப்படியே இருக்க, புதுக் கண்ட்ரோலர் ஈதர்நெட்டில் வந்து அவற்றை ஓட்டும். எஸ்7-300 கார்டுகளையும் ஐஎம் 153-4 என்ற இணைப்புத் தலையின் கீழ் அதேபோல வைத்து சீமென்ஸின் புதிய எஸ்7-1500ஐக் கொண்டு ஓட்டலாம். ஐ/ஓ கார்டுகளை அடுத்தடுத்த வருடங்களில் மாற்றிக்கொள்ளலாம். ரீரோலிங் மில்லுக்கு இரண்டாவது கட்டம் இது. முதலில் அடாப்டரைப் போட்டு எண்களைப் பார்க்கட்டும். மூன்று மாதத்தில் அந்த எண்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இரண்டாவது கட்டமே வேண்டாம்.

பழைய பிஎல்சியை மாட்டியிருந்த தகட்டோடு முழுசாகக் கழற்றி, வயர்களுக்கு எண் ஒட்டி, ஒரு மூலையில் வைத்திருங்கள். திங்கட்கிழமை காலை புதியது ஓடவில்லை என்றால் திரும்பிப் போக வழி வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | கேட்வே | பேனல் மட்டும் | அதே குடும்பம் | எல்லாம் புதுசு |
|---|---|---|---|---|
| நிறுத்தம் | ஒரு மணி நேரம் | அரை நாள் | அரை நாள் முதல் ஒரு நாள் | நாட்கள், சில சமயம் வாரங்கள் |
| செலவு | ஆயிரங்கள் | ஆயிரங்கள், திரை வரையும் கூலி தனி | கார்டு கிடைப்பதைப் பொறுத்து | லட்சங்கள் |
| பிஎல்சி புரோகிராம் வேண்டுமா | ரெஜிஸ்டர் பட்டியல் போதும் | படிக்கும் அளவுக்கு வேண்டும் | கட்டாயம் | கட்டாயம், குறிப்புகளோடு இருந்தால் நல்லது |
| ஸ்பேர் கவலை தீருமா | இல்லை | பேனலுக்கு மட்டும் | தள்ளிப்போகும் | தீரும் |
| மெஷினுக்கு மெஷின் பேச | வேண்டாம் | வேண்டாம் | முடியும் | முடியும் |
| ராத்திரியில் யார் பார்ப்பது | கழற்றிவிடலாம் | எலக்ட்ரீஷியன் | எலக்ட்ரீஷியன், ஸ்பேர் இருந்தால் | பயிற்சி வேண்டும் |

## நாலுக்கும் பொதுவான செலவுகள்

செம்புக் கேபிளில் ஈதர்நெட் 100 மீட்டர்தான். பழைய ஆர்எஸ்-485 மெதுவான வேகத்தில் 1200 மீட்டர் போய்க்கொண்டிருந்தது, அந்த நினைப்பிலேயே இருப்பார்கள். ஷெட்டிலிருந்து ஆபீஸ் தூரம் என்றால் ஃபைபர் போடுங்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் பல்ப்பிங் ஷெட்டுக்கும் பங்களாவுக்கும் நடுவே மரங்களுக்கு மேலாகச் செம்புக் கேபிளை இழுத்திருந்தார்கள். சித்திரை மாத இடி ஒன்றில் இரண்டு பக்கப் போர்ட்டும் கருகின. மலையில் இரண்டு கட்டிடத்துக்கு நடுவே செம்பே வேண்டாம் என்பேன், தூரம் இருபது மீட்டரானாலும்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களின் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் நெட்வொர்க் கேபிளைப் படுக்கவைக்காதீர்கள். கேபிள் இழுக்கும் வேலைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் அருமையான நாள். சோதனைக்கு மட்டும் அது ஆகாது, ஜெனரேட்டர் செலவு ஏறும்.

அப்புறம் சிசிடிவி. நான் போன ஆலைகளில் பாதிக்கு மேல், காலியாக ஒரு போர்ட் இருக்கிறதே என்று கேமரா ஸ்விட்ச்சில்தான் பிஎல்சியைச் செருகியிருந்தார்கள். கேமராவுக்கு 192.168.1.10, பிஎல்சிக்கும் 192.168.1.10. ஒன்று வந்தால் ஒன்று போகும். மெஷின்களுக்குத் தனி ஸ்விட்ச், தனி முகவரி வரிசை, கதவின் உள்பக்கம் அந்தப் பட்டியலின் பிரிண்ட். மோட்பஸ் டிசிபியில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. 502ஆம் போர்ட்டைத் தொட முடிந்த எவரும் எழுதலாம். அதனால் வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், விபிஎன் (பூட்டிய தனி வழி) கேளுங்கள். சிபியுவில் சாவி இருந்தால் 'ரன்'னில் திருப்பி, சாவியை எடுத்து மேலாளர் மேசையில் வையுங்கள். பல பழைய சிபியுக்களில் அந்த நிலையில் வெளியிலிருந்து புரோகிராமை மாற்ற முடியாது.

ஆத்தூர் ரோட்டுக்காரரிடம் பேனல் வாங்குவதற்கு முன்னால் இரண்டு வேலை சொல்லி அனுப்பினேன். மெயினை அணைக்காமல் பேக்கப் எடுப்பது, அப்புறம் பேட்டரி. பேக்கப் எடுக்கப் பேனலின் கேபிளைத்தான் கழற்ற வேண்டும், போர்ட் ஒன்றுதானே. அந்தப் பத்து நிமிடம் டிரையரை யாராவது கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. "அண்ணா, கேபிள் கெடச்சிருச்சுங்க. லேப்டாப்புலதான் அதச் சொருக எடமே இல்ல." யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.